நன்மை வாங்காதவன்

"தம்பிங்கறதுக்காக ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு இருக்கக் கூடாது ஃபாதர்" என்றார் அருள்மணி.

கோயிலுக்குள் புதுநன்மை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பூசையில் அப்பம் வாங்குவதை அந்த ஊரில் நன்மை வாங்குவது என்றுதான் சொல்வார்கள். நாளைக்குப் பதினோரு பிள்ளைகள் முதன்முதலாக வாங்கப் போகிறார்கள். மந்திரிக்காத அப்பத்தைக் கையில் வைத்து சிஸ்டர் பழக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி இரண்டாவதும் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஃபாதர் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, புதுக்கோட்டையிலிருந்து வந்த மெழுகுவர்த்திப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கோயில் பங்குக்கு அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அருள்மணியோ பன்னிரண்டு வருஷமாகப் பங்குப் பேரவைச் செயலாளர். எந்த ஃபாதர் வந்தாலும் அவர்தான் செயலாளர்.

"எந்தச் சட்டங்க?"

"பிள்ளை நன்மை வாங்கும்போது அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் நிக்கணும், பிள்ளைக்கு அப்புறம் அவங்களும் வாங்கணும். நீங்கதானே அறிக்கை வாசிச்சீங்க?"

"ஆமா."

"கலைமதி அப்பன் வாங்க மாட்டானே."

கலைமதியின் அப்பன் நிலவழகன், அருள்மணியின் கூடப்பிறந்த தம்பி. குவைத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுப் போன சித்திரையில் ஊர் திரும்பியவன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான். கடைசி வரிசையில் முழந்தாளிடுவான். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டான்.

ஊர் சும்மா விடுமா? பெரிய பாவம் ஏதோ இருக்கிறது, அதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் வெட்கம் என்று பேசிக்கொண்டார்கள். குவைத்தில் இன்னொரு குடும்பம் என்றார்கள். இல்லை, குடி என்றார்கள். அங்கே குடிக்க முடியாதே என்று யாரோ சொன்னதும் மறுபடி குடும்பத்துக்கே வந்துவிட்டார்கள். அருள்மணி ஆமாம் என்றதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"சரி, இப்ப என்ன செய்யலாங்கறீங்க?"

"தாய்மாமன் நிக்கட்டும். இவன் எப்பவும்போல பின்னாடி ஒக்காந்துக்கட்டும். பக்கத்துல நின்னுக்கிட்டு வாங்காம இருந்தா ஊரே பாக்கும். அந்தப் புள்ள மனசு என்னாகும்?"

அந்தக் கவலை பொய்யில்லை. கலைமதிமேல் அவருக்கு உயிர். அவளுக்கு வெள்ளை கவுன் துணி எடுத்து, திருக்கோகர்ணத்து டெய்லரிடம் தைக்கச் சொல்லித் தன் மனைவியை அனுப்பியதே அவர்தான்.

"ஏன் வாங்க மாட்டேங்கறாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாவசங்கீர்த்தனத்துல சொன்னத நீங்க வெளிய சொல்லக் கூடாது. அதனால நான் கேக்கல."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லலீங்க. இதே மரத்தடியில வெச்சுத்தான் சொன்னாரு. ஆனா, நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நானா?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுருதானே."

"அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லையே ஃபாதர். வருஷம் ஒண்ணாச்சு. ஊருக்கே தெரியும்."

ஃபாதர் பெட்டியை மூடினார்.

"அதுதாங்க காரணம்."

அருள்மணிக்கு உடனே விளங்கவில்லை.

"கெணத்துத் தண்ணி முறைத் தகராறுல ஒங்கள நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டாராம். மூணு தடவ மன்னிப்புக் கேக்க வந்தாராம். வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னீங்களாம். உள்ள நீங்க இருமுறது கேட்டுச்சாம்."

அருள்மணி மரத்தைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவனுக்கு ஒங்க மேல மனத்தாங்கல் இருந்தா, மொதல்ல போய் அதத் தீத்துட்டு அப்புறம் இங்க வாங்கன்னு அப்ப ஒரு ஞாயித்துக்கெழம பிரசங்கம் வெச்சேன். அதப் புடிச்சுக்கிட்டாரு. நீங்கதான் போய்க் கேட்டுட்டீங்களே, வாங்குங்க, பரவாயில்லன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். 'அண்ணனுக்கு இன்னும் ஆறலையே ஃபாதர்'ங்கறாரு."

அருள்மணி காலடியில் கிடந்த மாவிலையை எடுத்து நடுவே கிழித்தார்.

"வாரா வாரம் பேசுறேன். நான் பேசுறத நெசம்னு எடுத்துக்கிட்ட ஒரே ஆளு அவருதான். நீங்க அன்னைக்கு வந்து கை குடுத்து, பிரசங்கம் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனீங்க."

இந்த ஒரு வருஷத்தில் அருள்மணி நன்மை வாங்காத ஞாயிறு ஒன்றுகூட இல்லை. எப்போதும் வரிசையில் முதல் ஆள்.

அவர் தாய்மாமன் விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. வாரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினார்.

நிலவழகன் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தன் வாசலைத் தாண்டி இங்கே வந்து நிற்பதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கினான். கயிறு கையிலேயே இருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று அருள்மணிக்குத் தெரியவில்லை. பந்தலை அண்ணாந்து பார்த்தார். நன்றாகத்தான் கட்டியிருந்தான்.

"நாளைக்குக் கட்ட வெள்ள வேட்டி இருக்காடா?"

நிலவழகன் கயிற்றை ஸ்டூல்மேல் வைத்தான்.

"இருக்குண்ணே. தேய்க்கணும்."

"கொண்டா இங்கிட்டு. நான் தேச்சுத் தாரேன்."