சைக்கிளுக்கு மட்டும் அனுமதி

ஜிம்மின் கனமான கண்ணாடிக் கதவை மருமகள் தள்ளிப் பிடித்துக்கொள்ள, மாமியார் வெறுங்கையோடு உள்ளே நுழைந்தார். இரண்டு பேருடைய பைகளும் மருமகள் தோளில்தான். வேலை வாங்கத் தெரிந்த மாமியார் என்று பயிற்சியாளர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

மருமகள் டாக்டர் கடிதத்தை நீட்டினாள். பெயர், வயதையெல்லாம் தாண்டி அவர் கண் நேராக விஷயத்துக்குப் போனது. மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. சைக்கிள் மிதிக்கலாம், எடை தூக்க இப்போதைக்குக் கூடாது.

அவர் பார்வை மருமகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு மாமியார் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். கேட்காமலே கிடைப்பது புத்திமதி ஒன்றுதானே!

"ஏம்மா, வீட்டுல பெரியவங்க நீங்க. இதெல்லாம் தேவையான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருகிட்ட சொல்லணும்?"

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க யார் பேச்சைக் கேக்குறாங்க?"

"தன் உடம்பு, தன் ஆசை. அதுக்கு ஊரைக் கூட்டிக் கையெழுத்தா வாங்கணும்?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார் பயிற்சியாளர்.

"அதுக்கில்லம்மா. நாலு பேர் வர்ற இடம், பேச்சு வரும். இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே."

மாமியாருக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆறு வாரம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து, நாளை எண்ணி எண்ணி இன்னைக்குத்தான் வாசலைத் தாண்டியாச்சு. டாக்டரே சரின்னுட்டார். திருப்பி அனுப்ப நீங்க யாரு? பேசுற வாய் பேசட்டும், மிதிக்கிற கால் மிதிக்கும்!"

ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வாய் எப்படியோ, பயிற்சியாளர் வாய் மூடிக்கொண்டது. அவசரமாகப் போய், நெட்டையான மருமகளுக்குத் தோதாக சைக்கிள் சீட்டை மேலே ஏற்றினார்.

"வாம்மா, உக்காரு."

மருமகள் பைகளோடு நின்ற இடத்திலேயே நின்றாள். மாமியார்தான் விறுவிறுவென்று நடந்து வந்து சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார்.

"சீட்டை இறக்குங்க தம்பி. ஆபரேஷன் எனக்கு."