பூனைக்குப் போட்ட துண்டு

செபஸ்தியான் முதல் மீன் துண்டைப் பூனைக்குப் போட்டான்.

தங்கை செலின் தண்ணீர் எடுக்க அடுப்படிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தட்டிலிருந்து எடுத்து மேஜைக்கடியில் நழுவவிட்டான்.

பூனை மோந்து பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் படுத்துவிட்டது.

மீனை வேண்டாம் என்று போகிற பூனையை அவன் இந்தப் பாம்பூஃப்ளாட் ஊரில் மட்டுமல்ல, எந்தத் தீவிலும் பார்த்ததில்லை.

இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். அப்பா செத்த பிறகு வீடு யாருக்கு என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு தடித்தது. அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி அக்கரைக்குப் போய்விட்டான்.

நடுவில் கிடப்பது துறைமுகத் தண்ணீர்தான். ஃபெரியில் ஏறினால் வாங்கிய டீ ஆறுவதற்குள் அக்கரை வந்துவிடும். ஆனாலும் ஒன்பது வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. வீடு மட்டும் இன்னும் இரண்டு பேர் பெயரிலும் நின்றது.

போன வாரம் செலினின் மகள் சோபியா, அவன் மூட்டை இறக்கும் இடத்துக்கே வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா சாப்பிட வரச் சொன்னதாகச் சொன்னாள்.

எழுத்துத் தெரியாத காலமாக இருந்திருந்தால் சந்தோஷமாகக் கிளம்பியிருப்பான்.

நாற்பது தாண்டிய பிறகு ஒரு சிஸ்டர் அவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார். பைபிள் வாசிப்பான் என்று நம்பித்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் வாசித்ததெல்லாம் மெயின்லாந்திலிருந்து கப்பலில் வரும் பழைய கொலை நாவல்கள். இறக்கிவைத்த மூட்டை மேல் உட்கார்ந்து, விரலை வரி மேல் நகர்த்தி, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பான். யாராவது வந்தால் அட்டையை மடித்து மறைத்துக்கொள்வான். அட்டையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும்.

அந்தக் கதைகளில் பேசாமலிருந்த கூடப்பிறந்தவர்கள் திடீரென்று பேசினால், ஒருவர் செத்தே ஆகவேண்டும். சொத்து இரண்டு பேர் பெயரில் இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டவர் மட்டும் சாப்பிடமாட்டார்.

செலினும் சாப்பிடவில்லை. மேஜையில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது.

"நீ தின்னுண்ணே. நான் பொறவு" என்றாள். அதையும் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். ஃபெரியில் நிற்க இடமில்லை என்றான். இந்த வருஷம் மழை விடவில்லை என்றான். கவளம் மட்டும் வாய்க்கு ஏறவில்லை.

செலின் என்னவோ தோன்றிக் குனிந்தாள். மேஜைக்கடியில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

மீன்காரர் மகள். பூனைக்கு முள்ளைத்தான் போடுவார்கள், கை படாத முழுத் துண்டைப் போடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்ல அவன் வாயெடுத்தான்.

அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் தட்டிலேயே கையை வைத்து, மீனைப் பெரிதாகப் பிட்டு, சோற்றோடு சேர்த்து வாயில் போட்டாள். அவன் பார்க்கும்படி மென்றாள்.

மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணில் நீர் முட்டியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

செபஸ்தியான் தட்டிலிருந்து கையை உருவிக்கொண்டான்.

நல்லவேளை, நான் வாயில் வைக்கவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது.

சத்தம் கேட்டுச் சோபியா பின்பக்கமிருந்து ஓடிவந்தாள். அம்மாவின் விரலில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"அரே, நீ மீனைத் தின்னியாம்மா? மாமா இன்னும் வாயே வைக்கலியே. ஒம்பது வருஷ நேர்ச்சைய இப்பிடியா முடிப்ப?"

செலின் கையசைத்து, சும்மா இரு என்றாள். சோபியா சும்மா இருக்கவில்லை. அம்மாவின் முதுகைத் தட்டிக்கொண்டே மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் இறங்கிப்போன அன்றைக்கே அம்மா அந்தோணியார் முன்னால் முழங்கால் போட்டாள். அண்ணன் இந்த வீட்டில் உட்கார்ந்து மீன் தின்னும்வரைக்கும் தானும் மீனை வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். நேர்ச்சையைச் சொல்லித் தின்னவைத்தால் அது செல்லாது என்று வாயையும் கட்டிக்கொண்டாள். இன்று காலை மீன் அறுக்கும்போது அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. தலையும் குடலுமாக அள்ளி அள்ளிப் போட்டதில், பூனை தின்று தின்று நடக்கமுடியாமல் கிடக்கிறது.

அவனுக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

செலின் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நாக்கு முள் பிரிக்க மறந்துபோயிருந்தது.

"முள்ளு மாட்டிக்கிச்சு மாமா. வெறுஞ்சோத்த உருட்டிக் குடுங்க, ஜல்தி."

செபஸ்தியான் சட்டியிலிருந்து சோற்றை அள்ளி உருட்டினான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை இறுக்கிப் பிடித்தது. உருண்டை உடைந்தது. மறுபடி அள்ளி உருட்டினான். தலையை நிமிர்த்தாமலே நீட்டினான்.

செலின் அது என்னவென்றுகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.