ஊசிமுனைக் கண்மணி

"மாரடைப்பா டாக்டர்?" என்று அழுதாள் அங்காளம்மா. மயங்கி விழுந்த கணவன் வேதாசலத்தை இரும்புலியூரிலிருந்து ஆட்டோவில் போட்டுத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் ஏசுபாதம் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அவசரமாக ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எச்சில், வேர்வை, மூச்சு எல்லாத்தையும் நம்மளைக் கேக்காம தானா நடத்துற நரம்பு இருக்கும்மா. அதைப் பூச்சி மருந்து தாறுமாறாக்கிடுச்சு. காலைல என்ன சாப்பிட்டார்?"

"காபி மட்டும்தான் சார்."

"மருந்து வாசனைகூடவா அவருக்குத் தெரியலை?"

"ஜலதோஷம் சார். மூக்கடைச்சுக் கெடக்குறாரு."

"யார் போட்ட காபி?" டாக்டரின் குரலில் கடுமை ஏறியது. ஆட்டோக்காரரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவரேதான் போட்டாரு. கல்யாணமாகி இத்தினி வருஷத்துல இதான் முதல் தடவை. ரெண்டு டம்ளர்ல ஊத்தி, இது உனக்குன்னு வெச்சுட்டுக் குளிக்கப் போனாரு."

"நீங்களும் குடிச்சீங்களா?"

"குடிச்சேன் சார். அவரு டம்ளர்ல எறும்பு மெதந்துது. எறும்பு விழுந்ததை அவருக்குக் குடுக்க மனசு வரலை. அதை நான் எடுத்துக்கிட்டு, எனக்கு வெச்சதை அவருக்கு..."

அவள் பேச்சு நின்றது.

வேதாசலத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் இறுகப் பிடித்திருந்த அவன் கையை அங்காளம்மா மெல்ல விட்டாள்.