துள்ளுபூச்சி டப்பா

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பூச்சி வளர்த்த மருந்துக்கடைக்காரர் ஒருவரின் கதை சொல்கிறேன்.

கடுகிலும் சிறிய வெள்ளைத் துள்ளுபூச்சிகள் அவை. டப்பாவில் ஈரக்கரியைப் பரப்பி நாலு அரிசி போட்டால், அதில் பூக்கும் பூஞ்சையைத் தின்று பெருகும். கூடத்தில் வைத்த இரண்டு டப்பாக்களும் காய்ந்து, பூச்சிகள் செத்துப்போயின. மூன்றாவதை உள்ளறையில் வைத்தார். அங்கே கொழித்தன.

“அந்த ரூம் சுவரெல்லாம் ஒழுகுதுங்க. கொத்தனாரைக் கூப்பிடவா?” என்றாள் மனைவி.

“கூப்பிட்டுக் கெடுத்துடாதே. ஈரம் போனா ரெண்டே நாள்ல எல்லாம் போய்ச் சேர்ந்துடும்.”

“பூஞ்சை நாத்தம் குடலைப் புரட்டுது.”

“அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. நம்மளையே நம்பியிருக்கிற உயிருடி. வளர்க்கிறதுன்னா சும்மாவா?”

தினமும் காலையில் மூடியைத் திறந்து காற்றுக் காட்டுவார். அன்றும் திறந்தார். பூச்சிகள் மிரண்டு நாலாபக்கமும் துள்ளின. அவர் முகம் சுண்டிவிட்டது. மூடியை மெல்லச் சாத்திவிட்டு, மூலையில் கிடந்த கட்டில் பக்கம் திரும்பினார்.

“கொஞ்சம் மெதுவா இருமுங்கப்பா. பாவம், பயப்படுதுங்க.”

உங்கள் வீட்டில் ஒவ்வோர் அறையிலும் வெயில் விழட்டும். நன்றாயிருங்கள்.