நாற்பத்தொன்று

"ரெண்டே ரெண்டு டிகிரி. அதைக் குறைச்சிட்டு இறங்கு, போதும்."

மேம்பாலப் பொறியாளர் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசினார். தோளில் ஏணியோடு நின்ற எலெக்ட்ரீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்சந்தியில் உயரத்தில் மாட்டியிருந்த வெப்பப் பலகை 41 என்று காட்டியது. நாற்பதைத் தாண்டினால் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை வெளிவேலை கூடாது என்பது சட்டம். அதற்குக் கணக்கு இந்தப் பலகைதான். பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"உள்ளது உள்ளபடி காட்டத்தானே சார் அதை மாட்டியிருக்கு?" சொல்லும்போதே அவனுக்கு நாக்கு லேசாகக் குழறியது.

"பாலம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கு. தினம் நாலு மணி நேரம் எல்லாரையும் சும்மா உட்கார வைக்கணுமா? உனக்கென்னய்யா போச்சு?"

என்ன போச்சா? பத்தடி தள்ளித் தார் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில், தலையில் ஜல்லிச் சட்டியோடு நின்றவள் அவன் மனைவி. ஒதுங்கக் கையளவு நிழல் கிடையாது. எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடம் வெயிலை வாங்கி அப்படியே அவர்கள் முதுகில் கொட்டியது. போதாததற்கு அதன் ஏசிகள் ஊதும் அனல் வேறு.

அவள் சட்டியை இறக்கிவிட்டு வந்தாள். "என்னங்க சொல்றாரு?"

"குறைக்கச் சொல்றாரு."

"நேத்து ஒருத்தி மயங்கி விழுந்தா. சுடுற ஜல்லியில பட்டு முகமெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கா. நாளைக்கு அது நானா இருந்தா?" அவள் குரல் உயரவில்லை. "பன்னெண்டு மணிக்காவது உட்காரலாம்னு இருந்தோம். அதுலயும் மண்ணள்ளிப் போடப் போறீங்களா?"

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீ ஏறலேன்னா இன்னொருத்தன் ஏறுவான்," என்றார் பொறியாளர். "வேலை வேணுமா, வேண்டாமா?"

அவன் ஏணியைச் சாத்தி ஏறினான். கம்பி உள்ளங்கையைச் சுட்டது. கீழே மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பலகையின் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பொத்தானை அழுத்தினான். எண் மாறியது. 42. 43.

"யோவ், குறைக்கச் சொன்னா ஏத்துறே?" பொறியாளர் காரைவிட்டுப் பாய்ந்து இறங்கினார். "ஊரையே பயமுறுத்தப் பாக்கிறியா? பொய்க் கணக்குக் காட்டினா உள்ளே தள்ளிடுவேன்."

44. 45. 46. அவன் கையை எடுத்தான். கீழே வேலை நின்றுவிட்டது.

"நான் எதையும் ஏத்தல சார்," என்றான், மனைவிக்கும் கேட்கும்படி. "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்கன்னு, இங்கே மரத்தையெல்லாம் வெட்டினப்ப ரெண்டு, இந்தக் கண்ணாடிக் கட்டடம் எழும்பினப்ப மூணுன்னு இதே கையால குறைச்சு வச்சிருந்தேன். அதை மட்டும்தான் இப்ப எடுத்திருக்கேன்."