நீலச் சுடர்

"கதவை முழுசா சாத்தாதீங்க நர்ஸம்மா. ஒரு விரல் அளவாவது திறந்து இருக்கட்டும். இல்லன்னா அடுப்பைப் பத்த வச்சதும் வர்ற புகையில மூணு பேரும் தூங்கின மாதிரியே போய்ச் சேர்ந்துடுவோம்."

தாடிக்காரர் தலை நிமிராமலே சொன்னார். நர்ஸ் ஒரு விறகுத் துண்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாள். அந்தச் சின்ன இடுக்கு வழியாக வந்த காற்றே பல்லைக் கிட்ட வைத்தது.

மலைமேல் இருந்த அந்தக் கல் குடிசையில் மூன்றாவது ஆள், பாறையிலிருந்து சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட இளைஞன். நர்ஸுடன் மலையேற வந்தவர்கள்தான் வழியில் அவனைப் பார்த்து, தூக்கி வந்து இங்கே கிடத்தினார்கள். ஆள் கூட்டி வருகிறோம் என்று அவர்கள் இறங்கிப் போக, அவள் மட்டும் துணைக்குத் தங்கினாள். அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

இனி யாரும் வரப்போவதில்லை என்று அவள் மனம் விட்டுப்போன நேரத்தில்தான் இந்த மனிதர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாடியெல்லாம் பனி.

"அடிபட்டவன் உயிரோட இருக்கானா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "கீழே சொன்னாங்க. இந்தப் பனியில ஏறாதேன்னு எல்லாரும் தடுத்தாங்க. நிக்க முடியல, கிளம்பிட்டேன்."

அவரைப் பார்த்ததும் இளைஞனின் உதடுகள் துடித்தன. "அண்ணா" என்றான். கண்ணோரம் நீர் வழிந்தது. நர்ஸ் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். ரத்த பாசம் என்றால் சும்மாவா?

"உடம்பு விறைச்சுக்கிட்டே வருதுண்ணா. நாடி இறங்குது" என்றாள். "வெந்நீர் வேணும். பாட்டில்ல ஊத்தி அக்குள்ல வைக்கணும். கொஞ்சம் கொஞ்சமா குடிக்கவும் குடுக்கணும்."

அவர் முதுகுப்பையிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்டவ்வை எடுத்துக் கால்களை விரித்து வைத்தார். பெட்ரோல் பாட்டிலை அதன் குழாயில் மாட்டி, பாட்டில் வாயிலிருந்த பம்பால் காற்றடித்தார். பம்ப் தொளதொளவென்று போய் வந்தது. காற்று ஏறவே இல்லை.

"வாஷர் குளிர்ல காஞ்சு சுருங்கிடுச்சு. எண்ணெய்ப் பசையா ஏதாவது இருக்கா?"

அவள் முகத்துக்குத் தடவும் க்ரீமை நீட்டினாள். அவர் பம்பைக் கழற்றி, தோல் வாஷரில் அதைப் பதமாகத் தேய்த்து, மறுபடி மாட்டி அடித்தார். இப்போது பம்ப் இறுகி, காற்று ஏறியது.

ஸ்டவ்வின் திருகைக் கொஞ்சம் திறந்தார். பர்னருக்கு அடியில் இருந்த குழிவில் பெட்ரோல் கசிந்து ஈரமானதும் மூடினார். நமுத்துப்போன தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்டை கழன்று விழுந்தன. கடைசியில் ஒன்று பிடித்தது. குப்பென்று மஞ்சள் தீ எழுந்து கரி கக்கியது.

"எரியுதே! பாத்திரத்தை வைக்கவா?"

"பதறாதீங்கம்மா. இது அடுப்பைச் சூடாக்குற தீ. அந்தக் குழாய் நல்லா காயணும். அப்பதான் பெட்ரோல் ஆவியா மாறி எரியும். இப்பவே திறந்தா அப்படியே பீய்ச்சி அடிச்சு, குடிசையே பத்திக்கும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் இளைஞனின் முனகல் நின்றுபோனது. பாய்ந்து போய் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"அண்ணா, கண்ணு சொருகுது! பேச்சுக் குடுங்க, தூங்க விடாதீங்க!"

அவர் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "டேய், தூங்காதடா. உனக்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கேன். ஒரு வார்த்தை பேசுடா." குரல் உடைந்தது.

மஞ்சள் தீ குறுகி, அணையப் போகும் நேரம். அவர் எட்டித் திருகைத் திறந்தார். ஸ்டவ் சீறியது. பர்னரைச் சுற்றி நீலச் சுடர் வட்டமாக நின்றது. நர்ஸ் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

தண்ணீர் பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்த ஒரு வாய் தண்ணீரை அவர் பாத்திரத்தில் ஊற்றினார். "வெறும் பனியைப் போட்டா பாத்திரம் தீஞ்சிடும்." அதன்மேல் அவள் பனியை அள்ளி அள்ளிப் போட்டாள். முதலில் உருகிய வெதுவெதுப்பான தண்ணீரை அவர்தான் அவன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். தொண்டை அசைந்தது. கண் திறந்தது.

"அண்ணா... சிவப்புப் பாறை... அதுக்குக் கீழ ஒரு பனிப் பிளவு..."

ஜன்னி கண்டு பிதற்றுகிறான் என்று நினைத்தாள் நர்ஸ்.

"பாறைக்கு எந்தப் பக்கம்டா?" அவர் குனிந்து கேட்டார்.

"இடது பக்கம்... அப்ப மூச்சு இருந்துச்சுண்ணா. எனக்குப் பயமாயிடுச்சு... மன்னிச்சிடுங்க..."

அவர் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். தலையை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு கையை நீட்டி ஸ்டவ்வின் திருகை மூடினார். சீறல் அடங்கி, நீலச் சுடர் மறைந்தது.

"என்ன பண்றீங்க? பாதிப் பனிகூட உருகலையே! உங்க தம்பி செத்துடுவான்!" நர்ஸ் அலறினாள்.

"என் தம்பி போன வருஷமே இவன்கூட மலையேறிச் செத்துட்டாம்மா" என்றார் அவர், பெட்ரோல் பாட்டிலைக் கழற்றிக்கொண்டே. "மூச்சு இருந்தவனை இவன் எந்த இடத்துல போட்டுட்டு இறங்கினான்னு தெரியிற வரைக்கும்தான் இவன் உயிர் எனக்கு வேண்டியிருந்தது."