மகளின் தொலைநோக்கி

இறந்துபோன மகளின் தொலைநோக்கியை அவள் படித்த பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்று தையல்காரரும் மனைவியும் முடிவுசெய்தார்கள். கொடுக்குமுன் அதன் பெரிய கண்ணாடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள்.

"அழுத்தாதே, பூச்சு கீறிடும். பஞ்சு தன்னால வழுக்கிட்டுப் போகட்டும்."

"தெரியுங்க. அவ எத்தனை தடவை சொல்லியிருக்கா!"

காய்ந்து பளிச்சென்று ஆன கண்ணாடியின் நடுவில், யாரோ ஊதியதுபோல் ஆவி படிந்தது. இருவரும் எட்டத்தில்தான் நின்றார்கள். ஆவி மறைந்தது, மறுபடி படிந்தது. தையல்காரர் துணியை எடுத்தார்.

"துடைக்காதீங்க," என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மகள் மூச்சுக்குத் தவியாய்த் தவித்தாள். இந்த மூச்சோ அயர்ந்து தூங்கும் பிள்ளையின் மூச்சைப்போல நிதானமாக வந்து போனது. எழுப்பிவிடக் கூடாதே என்று இருவரும் வாய் திறக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.